தங்கத் துகள் ஏன் இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை?

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியம்மா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. கல்லூரிக் கருத்தரங்கில் பேச நானோ துகளையும் கதிர் சிகிச்சையையும் எடுத்துக்கொண்டிருக்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இயற்பியல் படிக்கிற பிள்ளைகளில் பலருக்கு, ஆஸ்பத்திரிக்குள் இயற்பியலாளர் என்று ஒரு வேலை இருப்பதே தெரியாது. நான் வாழ்நாளெல்லாம் பார்த்த வேலை அது. அதனால் நீ கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் எழுத எனக்கு வராது. பொறுமையாகப் படி.

நீ கேட்டது இதுதான்: தங்கத் துகளை ஊசியில் ஏற்றி, கதிரும் கொடுத்து, 2004-லேயே எலிகளைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு அது ஏன் வரவில்லை? யார் தடுக்கிறார்கள்?

யாரும் தடுக்கவில்லை, கண்ணு. அந்த எலிச் சோதனை உண்மை, அதன் முடிவும் உண்மை. ஆனால் எலியின் தோலுக்கடியில் இருந்த கட்டிக்கும், ஒரு மனிதரின் தொண்டைக்குள் இருக்கிற கட்டிக்கும் நடுவே இரண்டு பெரிய தடைகள் இருக்கின்றன. ஒன்று கதிரின் ஆற்றல், இன்னொன்று ரத்த ஓட்டம். இந்த இரண்டையும் நீ சரியாகப் பிடித்துக்கொண்டால் உன் பேச்சு நன்றாக அமைந்துவிடும்.

முதலில் கதிர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஊரில் 'கரண்ட் வைக்கிறாங்க' என்று சொல்வதைக் கேட்டிருப்பாய். உடம்பைச் சுட்டுப் பொசுக்குகிற ஏதோ ஒன்று என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பார். கதிரின் அளவைக் கிரே என்ற அலகில் சொல்கிறோம். ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை வாங்கிக்கொண்டால் அது ஒரு கிரே. ஒரு கட்டிக்கு வாரக்கணக்கில் பிரித்துக் கொடுக்கிற 50 கிரேயையும் ஒரே நொடியில் கொட்டினால்கூட, அதன் வெப்பம் ஒரு டிகிரியில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஏறும். ஒரு வாய் காப்பி குடித்தால் உடம்பில் சேரும் சூடு இதைவிட அதிகம். ஆனால் அதே கதிர் 4, 5 கிரே அளவுக்கு முழு உடம்பிலும் ஒரே சமயத்தில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. ஆக, எவ்வளவு ஆற்றல் என்பதை வைத்து இங்கே எதுவும் தீர்மானமாவதில்லை. அது எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான் விஷயம்.

விழுகிற இடம் டிஎன்ஏ. எக்ஸ்ரே ஒரு அணுவில் மோதி எலக்ட்ரானைப் பிய்த்து எறிகிறது. அந்த எலக்ட்ரான் ஓடுகிற வழியில் நேராக டிஎன்ஏ இழையை அறுக்கலாம். பெரும்பாலும் அது வழியில் இருக்கிற நீர் மூலக்கூறுகளைத்தான் உடைக்கிறது. உடைந்த நீரிலிருந்து பிறக்கிற ஹைட்ராக்சில் துணுக்கு கண நேரமே இருந்தாலும் மூர்க்கமானது. பக்கத்தில் டிஎன்ஏ இருந்தால் அதைக் கடித்துக் குதறிவிடும். ஒரு கிரே பட்ட ஒரு செல்லில் ஒற்றை இழை அறுவது ஏறத்தாழ 1000 இடங்களில் நடக்கிறது. செல் அவற்றைச் சளைக்காமல் சரிசெய்துவிடும். இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுவது ஏறத்தாழ 40 இடங்களில்தான். செல்லைக் கொல்வது பெரும்பாலும் இந்த இரட்டை முறிவுதான். அதுவும் உடனே கொல்வதில்லை. அடுத்த முறை செல் பிளக்கும்போதுதான் சேதம் வெளிப்படுகிறது. சிகிச்சை முடிந்து வாரங்கள் கழித்தும் கட்டி சுருங்கிக்கொண்டே போவது இதனால்தான்.

இவ்வளவு தெரிந்திருந்தும் எல்லாக் கட்டியையும் ஏன் கதிரால் அழிக்க முடியவில்லை? கதிர் போதாமல் இல்லை. எந்தக் கட்டியையும் முற்றாக அழிக்கிற அளவுக்குக் கதிர் எங்கள் மெஷினில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவைதான் அதைத் தாங்காது. தொண்டைப் புற்றுநோய்க்கு வழக்கமான அளவு 70 கிரே. நாளுக்கு 2 கிரே வீதம் 35 முறை கொடுப்போம். ஆனால் சில சென்டிமீட்டர் பின்னால் ஓடுகிற தண்டுவடத்தை 45 கிரேக்குள் நிறுத்திவிட வேண்டும். மீறினால் கைகால் விழுந்துவிடும் ஆபத்து உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பிகள் அதைவிட மென்மையானவை. அவை கருகிவிட்டால், நோயிலிருந்து பிழைத்தவர் ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் விழுங்க வேண்டியிருக்கும், அதுவும் காலம் முழுக்க. இப்படிப் பிழைத்தவர்களோடு பேசியிருக்கிறேன். அவர்கள் நன்றியோடுதான் இருப்பார்கள். ஆனாலும் ருசித்து ஒரு வாய் சோறு சாப்பிட முடியாத வாழ்க்கையைப் பார்த்தவர்களுக்கு, இந்தச் சிகிச்சை இன்னும் மேம்பட வேண்டும் என்ற தவிப்பு லேசில் போகாது. கட்டிக்கும் அதன் அக்கம்பக்கத்துக்கும் விழுகிற கதிரின் வித்தியாசத்தை எப்படியாவது கூட்டுவதுதான் எங்கள் தொழிலின் முழு வேலையும். அதற்காகத்தான் கதிரைப் பல கோணங்களில் பிரித்து அனுப்புகிறோம், முகத்துக்கு அச்சு எடுத்து மாஸ்க் போட்டு அசையாமல் படுக்க வைக்கிறோம், அன்றாடம் ஸ்கேன் எடுத்து மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துகிறோம்.

நானோ துகள் இந்த இடத்தில்தான் வருகிறது. கதிரைக் குறிபார்த்து அனுப்புவதற்குப் பதிலாக, கட்டியையே கதிரை அதிகம் இழுத்துக்கொள்ளும் பொருளாக மாற்றினால் என்ன என்பது அதன் பின்னால் இருக்கும் யோசனை.

பிளஸ் டூவில் ஒளிமின் விளைவு படித்தாய் அல்லவா? எக்ஸ்ரே தன் ஆற்றல் முழுவதையும் ஓர் அணுவிடம் கொடுத்துவிட்டு மறைய, எலக்ட்ரான் பாய்ந்து வெளியே வரும். இந்த விளைவு அணு எண்ணைப் பொறுத்து மிக வேகமாக ஏறும். ஒரு கிராம் பொருளுக்கு என்று பார்த்தால் ஏறத்தாழ அணு எண்ணின் மும்மடிக்கு ஏற்றபடி. நம் தசையின் சராசரி அணு எண் 7.4 என்று வைத்துக்கொள்வோம். அயோடினுக்கு 53, கடோலினியத்துக்கு 64, ஹாஃப்னியத்துக்கு 72, தங்கத்துக்கு 79. ஆற்றல் 40 கிலோ எலக்ட்ரான்வோல்ட் உள்ள எக்ஸ்ரேயை ஒரு கிராம் தங்கம், ஒரு கிராம் தசையைப் போல் 100 மடங்குக்கும் மேலாக வாங்கிக்கொள்ளும். அதோடு முடிவதில்லை. உள்கூட்டிலிருந்து ஒரு எலக்ட்ரான் போன வெற்றிடத்தை நிரப்ப மேலே இருப்பது கீழே விழ, அதில் மிஞ்சுகிற ஆற்றல் இன்னொரு எலக்ட்ரானை வெளியே தள்ளும். அதன் இடத்தை நிரப்ப இன்னொன்று விழும். இவற்றுக்கு ஓஜே எலக்ட்ரான்கள் என்று பெயர். இவற்றின் ஆற்றல் குறைவு, ஓடும் தூரமும் குறைவு. பல எலக்ட்ரான்கள் சில நானோமீட்டர் போவதற்குள் நின்றுவிடும். குறைந்த தூரம் என்பதால்தான் அவற்றின் சேதம் அடர்த்தியாக இருக்கிறது.

கன அணு சேதத்தைக் கூட்டும் என்பது வெறும் காகிதக் கணக்காகப் பிறந்த எண்ணம் இல்லை. ரத்தக் குழாய்களைப் படமெடுக்க அயோடின் சாயம் ஏற்றுவார்களே, அப்படி ஏற்றப்பட்டு எக்ஸ்ரே பட்டவர்களின் ரத்த வெள்ளணுக்களில் குரோமோசோம் சேதம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருப்பதை 1970-களிலேயே கவனித்திருக்கிறார்கள். படம் எடுக்க வந்த இடத்தில் பக்கவிளைவாகத் தெரிந்த ஒன்றைச் சிகிச்சையாக மாற்றலாமே என்று யோசித்தவர்களை நான் மனமாரப் பாராட்டுவேன்.

இப்போது உன் எலிகளுக்கு வருவோம். நியூயார்க் மாநிலத்தில் உள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தோடு தொடர்புடைய ஜேம்ஸ் ஹைன்ஃபெல்டும், டேனியல் ஸ்லாட்கின், ஹென்றி ஸ்மிலோவிட்ஸ் ஆகியோரும் சேர்ந்து செய்த சோதனை அது. துகளின் விட்டம் 1.9 நானோமீட்டர், அதாவது டிஎன்ஏ ஏணியின் அகலம் அளவுதான். மார்பகப் புற்றுக் கட்டி வளர்த்த எலிகளின் ரத்தத்தில் அதை ஏற்றி, சில நிமிடங்களிலேயே 250 கிலோவோல்ட் எக்ஸ்ரே கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்து, கதிர் மட்டும் பெற்றவற்றில் 20 சதவீதம் உயிரோடு இருந்தன. தங்கம் மட்டும் பெற்றவை ஒன்றும் இல்லை. இரண்டும் பெற்றவற்றில் 86 சதவீதம் உயிரோடு இருந்தன.

86-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு துள்ளும். ஆனால் அந்த 86 சதவீதத்துக்கு ஏற்றிய தங்கம் எவ்வளவு என்பதையும் உன் பேச்சில் சொல். எலியின் உடல் எடையில் கிலோவுக்கு 2.7 கிராம். அதே விகிதத்தை 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் போட்டால் 162 கிராம், நம் கணக்கில் 20 சவரனுக்கும் மேல்! செலவைக்கூட விடு. அவ்வளவு கன உலோகத்தை ஒருவர் ரத்தத்தில் ஏற்ற எந்த மருத்துவர் துணிவார்? இத்தனை ஏற்றியும் கட்டிக்குள் சேர்ந்தது, ஒரு கிராம் கட்டிக்கு 7 மில்லிகிராம் தங்கம்தான்.

அடுத்தது அந்த 250 கிலோவோல்ட். முதல் தடை இங்கேதான். அந்த ஆற்றலில் ஒளிமின் விளைவு பலமாக நடக்கும், தங்கம் தன் வேலையைக் காட்டும். ஆனால் அந்த எக்ஸ்ரேக்கு ஆழம் போகிற வலு இல்லை. தன் உச்ச அளவைத் தோலிலேயே கொட்டிவிடும். எலிக்கு அது பரவாயில்லை, கட்டி தோலுக்கடியில்தான் இருந்தது. மனிதரின் கருப்பைவாயிலோ நுரையீரலிலோ உள்ள கட்டிக்கு அதே கதிரை அனுப்பினால் கட்டி சாவதற்குள் தோல் வெந்துவிடும். அதனால்தான் இன்று லீனியர் ஆக்சிலரேட்டரில் 6 மெகாவோல்ட் கதிரைப் பயன்படுத்துகிறோம். அதன் உச்ச டோஸ் தோலுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கீழே விழுகிறது, தோல் தப்பிக்கிறது. ஆனால் அந்த ஆற்றலில் ஒளிமின் விளைவு ஓய்ந்துபோய், காம்ப்டன் சிதறலே ஆட்சி செய்கிறது. காம்ப்டனுக்கு அணு எண்ணைப் பற்றிக் கவலை இல்லை. ஒரு கிராம் தங்கமும் ஒரு கிராம் தசையும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். 2005-இல் சாங் ஹியூன் சோ என்ற ஆய்வாளர் இதைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார். கட்டியில் கிராமுக்கு 7 மில்லிகிராம் தங்கம் இருந்தால், 140 கிலோவோல்ட் எக்ஸ்ரேயில் கட்டி பெறும் டோஸ் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறும். மெகாவோல்ட் கதிரிலோ, தங்கத்தை அதைவிடக் கூட்டினாலும் ஏறுவது 1 முதல் 7 சதவீதம்தான்.

கணக்கு இப்படிச் சொன்னதும் கதை முடிந்தது என்று நிறையப் பேர் நினைத்தார்கள். செல்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தட்டில் வளர்த்த புற்றுச் செல்களுக்குத் தங்கத் துகளைக் கொடுத்து மெகாவோல்ட் கதிரில் வைத்தபோதும், ஆய்வுக்கு ஆய்வு அளவு மாறினாலும், கணக்கு சொன்னதைவிட அதிகமான செல்கள் செத்தன. ஏன்? பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் மக்மேகனும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் ஒரு விளக்கம் சொன்னார்கள். கட்டி முழுவதற்கும் சராசரி எடுத்தால் டோஸ் ஏறினது தெரியாது. ஆனால் துகளைச் சுற்றிச் சில நானோமீட்டருக்குள் மட்டும் அளந்தால், ஓஜே எலக்ட்ரான்களால் டோஸ் மலை மாதிரி எழுந்து நிற்கிறது. சராசரி அதை மறைத்துவிடுகிறது. இது எனக்கு மிகவும் பிடித்த விளக்கம், ஆனால் இது மட்டும் போதாது. ஏனென்றால் துகள்கள் பெரும்பாலும் செல்லின் உட்கருவுக்குள் போவதே இல்லை. வெளியே சிறு பைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. டிஎன்ஏ இருப்பது அங்கிருந்து எவ்வளவோ தூரத்தில். அப்படியானால் துகளின் மேற்பரப்பில் நடக்கிற வேதியியலையும் பார்க்க வேண்டும். தங்க மேற்பரப்பு நீர் உடைவதைத் தூண்டி ஹைட்ராக்சிலைக் கூட்டுகிறது. செல் தற்காப்புக்கு வைத்திருக்கிற குளுட்டாதயோனைத் தீர்க்கிறது. கதிருக்கு முன்பே செல்லைக் களைக்க வைக்கிறது என்று சொல்லலாம். இயற்பியல் மாணவி என்பதற்காக எல்லாவற்றையும் எலக்ட்ரானிலேயே தேடாதே, கண்ணு. இந்த விஷயத்தில் உயிரியலும் வேதியியலும் நம்மைவிட ஒரு படி முன்னால் போய்க்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது தடையை நான் முதலாவதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். துகள் கட்டிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அது.

கட்டியின் ரத்தக் குழாய்கள் அவசரத்தில் முளைத்தவை. சுவரெல்லாம் ஓட்டை. நல்ல திசுவில் கசியாத பெரிய மூலக்கூறுகள் அங்கே கசிந்து தங்கிவிடுகின்றன. ஜப்பானில் குமமோட்டோவைச் சேர்ந்த ஹிரோஷி மேடாவும் யசுஹிரோ மட்சுமுராவும் 1986-இல் இதை எழுதினார்கள். அதன்பின் பல வருஷங்கள் நானோ மருத்துவம் முழுவதும் இந்த நம்பிக்கையின் மேல்தான் நின்றது. ரத்தத்தில் விட்டால் போதும், துகள் தானாகக் கட்டியைத் தேடிப் போய்விடும் என்றார்கள். பிறகு டொராண்டோவில் வாரன் சானின் குழு, பத்து வருஷங்களில் வெளிவந்த விலங்குச் சோதனைகளையெல்லாம் சேகரித்து 2016-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. ஊசியில் ஏற்றிய துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, இடைநிலை அளவாக, 0.7 சதவீதம். மேட்டூரில் திறந்த தண்ணீரின் அளவைப் பார்த்துக் கடைமடை விவசாயி நாற்று விடுவதில்லை, தன் வாய்க்காலுக்கு வந்ததைப் பார்த்துத்தான் விடுவார். இந்தத் துறையில் எந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்தாலும் நீயும் கட்டிக்கு வந்து சேர்ந்த அளவைத் தேடிப் பார்.

மீதி எங்கே போகிறது? கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. அந்நியத் துகளை வடிகட்டுவது அவற்றின் வேலை. சுமார் 5.5 நானோமீட்டருக்குக் குறைவான துகள் சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடும். பெரியது வெளியேற வழியில்லாமல் மாதக்கணக்கில் உடம்பிலேயே தங்கும். சிறிதாக இருந்தால் கட்டியில் தங்காமல் ஓடிவிடுகிறது, பெரிதாக இருந்தால் கல்லீரலில் உட்கார்ந்துவிடுகிறது. இந்த இழுபறிக்கு நடுவேதான் இந்தத் துறை இத்தனை வருஷமாக நிற்கிறது. எலிக்கட்டி சில வாரங்களில் உடம்பின் எடையில் கணிசமான பங்காக வளர்ந்துவிடும், அதன் குழாய்கள் அவ்வளவு ஓட்டை. மனிதக் கட்டி வருஷக்கணக்கில் மெல்ல வளர்வது. எலியில் கிடைத்த கசிவு மனிதரில் கிடைப்பதில்லை.

தேடிப் போகாது என்றால் கையால் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று முடிவெடுத்தவர்கள் பாரிஸில் இருக்கிற நானோபயோடிக்ஸ் நிறுவனத்தார். இதை நான் இந்தத் துறையின் மிகத் தெளிவான முடிவாக நினைக்கிறேன். அவர்கள் எடுத்தது ஹாஃப்னியம் ஆக்சைடு. துகள் 50 நானோமீட்டர் அளவு. உடம்புக்குள் வேறு எந்த வினையும் செய்யாத சாதுவான பொருள். கதிர் தொடங்கும் முன் ஒரே ஒரு தடவை ஊசியால் கட்டிக்குள்ளேயே செலுத்துகிறார்கள். அது அங்கேயே தங்கி, அடுத்தடுத்த எல்லா நாள் கதிரிலும் வேலை செய்கிறது. எங்கே இருக்கிறது என்று சி.டி. ஸ்கேனில் தெரியும்.

கை, கால், உடற்சுவரில் வருகிற மென்திசு சார்கோமா நோயாளிகள் 180 பேரிடம் இதைச் சோதித்தார்கள். பாரிஸ் கியூரி நிறுவனத்தின் சில்வி பான்வலோ தலைமையில் 2019-இல் முடிவு வெளியானது. எல்லாருக்கும் 50 கிரே, 25 தடவை. அதற்குப் பிறகு அறுவை. வெட்டியெடுத்த கட்டியில் உயிருள்ள புற்றுச் செல் 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தவர்கள், கதிர் மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதம், துகளும் சேர்த்துப் பெற்றவர்களில் 16 சதவீதம். வெட்டிய விளிம்பில் புற்றே இல்லாமல் சுத்தமாக எடுக்க முடிந்தது முறையே 64 சதவீதம், 77 சதவீதம். அதே வருஷம் ஐரோப்பாவில் இந்த நோய்க்குப் பயன்படுத்த சி.இ. முத்திரையும் கிடைத்தது.

இரண்டு மடங்கு என்று உன் ஸ்லைடில் கொட்டை எழுத்தில் போடத் தோன்றும். போடலாம், பொய்யில்லை. கூடவே 16 என்பதையும் போடு. நூற்றில் 84 பேருக்கு அந்த முழுப் பலன் கிடைக்கவில்லை. வெட்டியெடுத்த கட்டி எப்படி இருந்தது என்பதும், அந்த நோயாளி எத்தனை வருஷம் வாழ்ந்தார் என்பதும் வேறு வேறு கேள்விகள். ஆனாலும் இந்தச் சோதனையை நான் எலியின் 86 சதவீதத்தைவிடப் பெரிதாக மதிக்கிறேன். மனிதரிடம், சாதாரண மெகாவோல்ட் மெஷினில், சம வாய்ப்பு முறையில் இரு பிரிவாகப் பிரித்துச் செய்து காட்டியது இது.

பிரான்ஸின் கிரெனோபிளில் இன்னொரு வழியைப் பார்த்தார்கள். மூளைக்குப் பரவிய புற்று பல இடங்களில் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஊசி குத்த முடியாது. அதனால் 5 நானோமீட்டருக்கும் சிறிய கடோலினியத் துகளை ரத்தத்திலேயே ஏற்றினார்கள். கமீல் வெரி தலைமையில் நடந்த முதல் சோதனையில் 15 பேர். எம்.ஆர்.ஐ.யில் துகள் கட்டிகளில் சேர்வது தெரிந்தது, மீதி சிறுநீரில் போய்விட்டது, தாங்க முடியாத நஞ்சும் இல்லை. 15 பேரை வைத்து அது நோயைக் குணமாக்கும் என்று யாரும் சொல்ல முடியாது, அவர்களும் சொல்லவில்லை. ஆபத்து இல்லை என்று காட்டுவதற்கான சோதனை அது.

ஹாஃப்னியம் துகளின் அடுத்த பெரிய சோதனை தலை, கழுத்துப் புற்றுநோயில். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைக் கதிரோடு சேர்த்துக் கொடுப்பதுதான் அங்கே வழக்கம். வயதானவர்களில் பலருக்குச் சிறுநீரகமோ காதோ அதைத் தாங்காது. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்தச் சோதனை. எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. புகையிலையும் பாக்கும் மெல்லுகிற நம் நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுகளில் வாய்ப் புற்று முன்னணியில் நிற்கிறது. சிஸ்பிளாட்டின் ஏற்ற முடியாமல் வெறும் கதிரோடு திரும்புகிற பெரியவர்கள் நம் வார்டுகளில் நிறையப் பேர்.

இங்கே உனக்கு ஒரு தகவல் சொல்ல வேண்டும், எந்த நானோ காணொளியிலும் இது வராது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இதே மாதிரி சிஸ்பிளாட்டின் ஏற்க முடியாத 356 பேரிடம், டோசிடாக்சல் என்ற பழைய மருந்தைச் சிறு அளவில் வாரம் ஒரு முறை கதிரோடு கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், கதிர் மட்டும் பெற்றவர்களில் 41.7 சதவீதம், டோசிடாக்சலும் பெற்றவர்களில் 50.8 சதவீதம். 2023-இல் வெளியான முடிவு. காப்புரிமைக் காலம் முடிந்து, நம் நாட்டிலேயே தயாராகிற மருந்து. புதிய துகள் எதுவானாலும், வெறும் கதிரைவிட நல்லது என்று காட்டினால் நம் ஊருக்குப் போதாது. இந்தப் பழைய மருந்தைவிட நல்லது என்று காட்ட வேண்டும், அரசு ஆஸ்பத்திரி வாங்கக்கூடிய விலையிலும் இருக்க வேண்டும். நீ கேட்ட 'ஏன் வரவில்லை' என்பதற்கு இயற்பியலுக்கு வெளியே இருக்கிற பதில் இதுதான்.

உன் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய், பக்கத்து வீட்டு அய்யாவுக்குத் தங்க பஸ்பம் வாங்கிக் கொடுக்கிறார்கள், அதுவும் தங்கத் துகள்தானே என்று. இரண்டையும் சேர்த்துப் பேசாதே, கருத்தரங்கில் யாராவது சேர்த்தாலும் திருத்திவிடு. நான் மேலே எழுதிய எந்தத் துகளும் தனியாக நோயைக் கொல்வதில்லை. தங்கம் மட்டும் பெற்ற எலிகள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை என்பதை மறக்காதே. அளவும் வடிவும் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தப்பட்ட துகள், குறித்த நேரத்தில் கட்டிக்குள் இருக்க, அதன்மேல் கதிர் விழுந்தால்தான் பலன். அய்யா கதிர் சிகிச்சையில் இருக்கிறார் என்றால், வேறு எது சாப்பிட்டாலும் கதிர் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல். அதைவிட முக்கியம், கதிரை நடுவில் நிறுத்த விடாதே. தொண்டைப் புற்றில் நாள் விட்டு விட்டுக் கொடுத்தால், விட்ட இடைவெளியில் புற்றுச் செல்கள் மளமளவென்று பெருகிவிடும்.

கருத்தரங்குக்கு ஒரு வேலை தருகிறேன், இதை நீயே செய். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், ஒவ்வொரு தனிமமும் எந்த ஆற்றலில் எக்ஸ்ரேயை எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்ற அட்டவணைகளை இலவசமாக வைத்திருக்கிறது. நிறை ஆற்றல் உறிஞ்சல் கெழு என்ற வரிசையைத் தங்கத்துக்கும் நீருக்கும் எடு. 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டிலிருந்து 10 மெகா எலக்ட்ரான்வோல்ட் வரை இரண்டின் விகிதத்தையும் மடக்கைத் தாளில் வரை. கோடு ஏறி, இறங்கி, 80 கிலோவுக்குப் பக்கத்தில் ஒரு துள்ளல் துள்ளி, பிறகு சரிந்து 2 மெகாவுக்குப் பக்கத்தில் ஒன்றை நெருங்கி, கடைசியில் மறுபடி கொஞ்சம் ஏறும். அந்தத் துள்ளல் ஏன் என்று உன் பேராசிரியரிடம் கேட்காமல் முதலில் நீயே யோசி. பிறகு அந்தக் கோட்டின் மேல் மூன்று புள்ளி வை: எலிக்குக் கொடுத்த எக்ஸ்ரேக்கு ஏறத்தாழ 100 கிலோவில் ஒன்று, 6 மெகாவோல்ட் மெஷினுக்கு ஏறத்தாழ 2 மெகாவில் ஒன்று, கருப்பைவாய்ப் புற்றுக்கு உள்ளே வைத்துச் சிகிச்சை தருகிற இரிடியம் 192-க்கு 380 கிலோவில் ஒன்று. மூன்றாவது புள்ளி எங்கே விழுகிறது என்று நன்றாகப் பார். கதிர் மூலத்தையே கட்டிக்குள் வைக்கும்போது ஆழம் போகிற பிரச்சினை இல்லை. அதைவிடக் குறைந்த ஆற்றலுள்ள அயோடின் 125 விதைகளும் இருக்கின்றன, அவற்றின் ஆற்றல் சுமார் 28 கிலோ. தங்கத்துக்கு நியாயமான இடம் லீனியர் ஆக்சிலரேட்டரா, இந்த உட்கதிர் சிகிச்சையா என்று எனக்கே ஒரு வாதம் உண்டு. நீ வரைந்து அனுப்பிய பிறகு அதைப் பேசுவோம்.

அம்மாவையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல். வரைபடத்தைப் போனில் போட்டோ எடுத்து அனுப்பினாலே போதும்.

அன்புடன்,
பெரியம்மா